பூந்தொட்டித் தண்ணீர்

கோலசிலாங்கூர்,
9 மார்ச் 2025, ஞாயிறு

விஷா அப்பாவுக்கு,

வந்து சேர்ந்து இன்றோடு ஐந்து நாள். மேசைமேல் ஒரு சீட்டு வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அது கோபத்தில் கிறுக்கியது. அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

இது குமுதாவின் வீடு. கையுறைத் தொழிற்சாலையில் என் லைனில் இருந்தாளே, அந்தக் குமுதா. அவள் மகனோடு ஜொகூருக்குப் போனதிலிருந்து வீடு பூட்டிக் கிடந்தது. செம்பனைத் தோட்டத்து வேலியை ஒட்டி அரை ஏக்கர் நிலம், நடுவில் பலகை வீடு. ஆகஸ்ட் கடைசிவரை எனக்குச் சம்பளமில்லா விடுமுறை. கைப்பேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், நூறு நாளைக்குத் தொடப்போவதில்லை. அவசரம் என்றால் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்துக் காளியம்மாவைக் கூப்பிடுங்கள். அவள் எண்ணை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன்.

நோட்டுப் புத்தகத்தில் ஏழு இலக்குகள் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தரைக்கு எழுவது, சீனி போடாமல் தேநீர் குடிப்பது, பிளாஸ்டிக் பை வாங்காமல் இருப்பது, நான் சாப்பிடும் காய்கறியை நானே பயிரிடுவது, இப்படி. கடைசியாக எழுதியது சைக்கிள் ஓட்டப் பழகுவது. சிரிக்காதீர்கள். நாற்பத்து மூன்று வயதில் பழகக்கூடாது என்று சட்டமா?

“இங்க உனக்கு என்ன கொற?” என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறேன், வாசலில் ஒரு தொட்டிகூட இல்லை. பத்து வருடம் வளர்த்த கறிவேப்பிலை, செம்பருத்தி, ஓமவல்லி எல்லாம் லோரியில் ஏறிப் போய்விட்டன. வாசல் முழுக்க ஈரச் சிமெண்ட். “இனிமே ரெண்டு காடி நிறுத்தலாம்லா” என்றீர்கள்.

நம்மிடம் இருப்பது ஒரு கார்.

விஜயராணி


செரண்டா,
16 மார்ச் 2025

ராணிக்கு,

நான் கடிதம் எழுதி இருபத்து மூன்று வருடம் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியதுதான் கடைசி. தபால் நிலையத்தில் முத்திரை கேட்டபோது அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சந்தோஷமாக இருப்பதற்கு ஒருவர் விடுமுறை எடுத்துக்கொண்டு போவதை நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து வீட்டு அழகேசன், “ராணி எங்க, காணோம்?” என்று கேட்கிறார். பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். விஷாலினி ஈப்போவிலிருந்து தினமும் அழைக்கிறாள். “அம்மா எப்பப்பா வருவாங்க?” நூறு நாள் என்றேன். “அது என்ன கணக்கு?” என்றாள். எனக்கு எப்படித் தெரியும்?

சிமெண்ட் போட்டது காடி நிறுத்தத்தான். ஆள் கிடைத்தார், போட்டேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது தவறு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். அதைப் படிக்கப் பார்க்காதே.

சுகுமாரன்


கோலசிலாங்கூர்,
30 மார்ச் 2025

விஷா அப்பாவுக்கு,

சைக்கிள் பழகிவிட்டேன். நான்கு தடவை விழுந்தேன், ஒரு தடவை வாய்க்காலுக்குள்ளேயே. இப்போது வாய்க்கால் கரையிலேயே மிதித்துத் தஞ்சோங் காராங் பக்கம் வயல்வரை போய்த் திரும்புகிறேன். இயற்கைப் பூங்காவில் பறவைகளின் பெயர்களைப் படிக்கிறேன். பன்னிரண்டு தெரியும். சேற்றில் துள்ளும் மீனை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு நோட்டில் ‘ஒரு மணி நேரம் அமைதி’ என்று எழுதிச் சரி போட்டேன்.

மூன்று வாரத்தில் ஏழில் ஐந்து முடிந்துவிட்டது. சும்மா இருக்க முடியவில்லை. இன்னும் நான்கு சேர்த்தேன். மழைத் தண்ணீரைப் பிடித்துத்தான் செடிக்கு ஊற்றுவது என்பது அதில் ஒன்று. கூரையின் நான்கு மூலைக்கும் நான்கு நீலப் பீப்பாய் வைத்து, மேலே வலை கட்டியிருக்கிறேன்.

காளியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். என் வயதுதான். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. மகள் மாலா கோலசிலாங்கூர் பேரங்காடியில் காசாளர். போன வாரம் காளியம்மா அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து என் கீரைப் பாத்தி முழுவதையும் கருக்கிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன், இது மருந்தே போடாத தோட்டம் என்று. அவள் முகமூடியை இறக்கினாள்.

“மண்டோர் இந்த வரிசைய முடிக்கச் சொன்னாரு. காத்துக்கிட்ட நானா சொல்ல முடியும்? ஆமா, நீ எதுக்கு இங்க வந்த?”

“கொஞ்ச நாள் சந்தோஷமா இருக்கலாம்னு.”

“அதுக்கு லீவு போட்டியா?” என்று கேட்டு, தோளில் தொங்கிய மருந்துப் பம்பு குலுங்கச் சிரித்தாள். மறுநாள் அவளே கீரை விதை கொண்டுவந்து கொடுத்தாள். மருந்தடிக்கிற நாளை முன்கூட்டியே சொல்வதாகவும், நான் அந்தப் பக்கம் சாக்கு கட்டி மறைத்துக்கொள்வதாகவும் பேசியிருக்கிறோம்.

நீங்கள் அடித்த வரியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொல்தான் தெரிந்தது. ‘விஷா’. விஷாவுக்கும் சிமெண்டுக்கும் என்ன?

விஜயராணி


செரண்டா,
12 ஏப்ரல் 2025

ராணி,

படிக்காதே என்று சொன்னதைப் படித்திருக்கிறாய். அப்படியானால் முழுதையும் படி.

விஷா பள்ளியின் கடைசி வருடம், ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது டிங்கிக் காய்ச்சல் வந்ததே, நினைவிருக்கிறதா என்று கேட்கமாட்டேன். எட்டு நாள் வார்டில் இருந்தோம். பிளேட்லெட் பதினான்காயிரத்துக்கு இறங்கிய அன்று நீ ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாய். உனக்கு மாற்றுத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். சுகாதார இலாகா ஆட்கள் நம் தெருவில் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நம் வாசலுக்கு வருவதற்கு முன்னால் நான் உன் தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று தொட்டிகளின் அடித்தட்டில் புழு நெளிந்தது. சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன். அவர்கள் வந்து பார்த்து, “ஓகே, பாங்” என்று மலாயில் அண்ணன் முறை வைத்துச் சொல்லிப் போனார்கள்.

உன்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அந்த எட்டு நாளும் நீ பச்சைத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. நீ வளர்த்த செடிதான் நம் பிள்ளையை இந்தக் கதிக்கு ஆளாக்கியது என்று நான் வாயால் சொல்ல வேண்டுமா?

அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் நீ சமையலில் இருக்கும்போது எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்தேன். இருபத்தேழு தட்டு. இரண்டு வருடத்துக்கு மேல். மழை நாளில் இரண்டு முறை. ஜனவரியில் என் ஷிப்ட் மாறியது, சாயங்காலம் வீட்டில் இருக்க முடியவில்லை. அதே வாரம் நான்கு வீடு தள்ளி ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்து கொசுப் புகை அடித்தார்கள். வேலை செய்ய முடியவில்லை, ராணி. மெஷின் முன்னால் நின்றுகொண்டு தட்டுகளையே எண்ணிக்கொண்டிருந்தேன். அதனால்தான் லோரியைக் கூப்பிட்டேன்.

இப்போது நீ அங்கே நான்கு பீப்பாய் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய்.

சுகுமாரன்


செரண்டா,
27 ஏப்ரல் 2025

ராணிக்கு,

பதினைந்து நாளாகிவிட்டது, பதில் இல்லை. நேற்று காளியம்மாவைக் கூப்பிட்டேன். “நல்லாதான் இருக்காங்க. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. நாள் பூராவும் மண்ணக் கொத்திக்கிட்டே இருக்காங்க. கொத்தின எடத்தையே திரும்பக் கொத்துறாங்க,” என்றார்.

நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன், இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தால் என்ன? ஏசியாவது எழுது.

சுகுமாரன்


கோலசிலாங்கூர்,
11 மே 2025

விஷா அப்பாவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்பவேண்டும்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் மாலாவுக்குக் காய்ச்சல் கண்டது. காளியம்மா பனடோல் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை வேலிப் பக்கம் வந்து, “ராணி, கைகால்ல செவப்பா புள்ளி வந்திருக்கு, வந்து பாரேன்,” என்றாள். நான் மாலாவைப் பார்க்கப் போகவில்லை. முதலில் என் பீப்பாயிடம் ஓடினேன்.

வலை கிழிந்திருந்தது. இரண்டு வாரம் முன்னால் அடித்த புயல்மழையில் கிழிந்தது எனக்குத் தெரியும். அன்றே நோட்டில் எழுதினேன், ‘வலை மாற்ற வேண்டும்’ என்று. பன்னிரண்டாவது இலக்கு. எழுதியதும் செய்துமுடித்தது போல ஒரு நிம்மதி வந்தது. அடுத்த நாள் உங்கள் கடிதம் வந்தது. அதற்கப்புறம் நான் எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது பீப்பாயில் புழு, ஒன்று இரண்டு இல்லை. நான்கையும் கவிழ்த்தேன். முற்றம் முழுக்கத் தண்ணீர் ஓடியது. அப்புறம்தான் கைப்பேசியை எடுத்து வண்டிக்குச் சொன்னேன்.

டிங்கிதான். ஆஸ்பத்திரி வார்டில் ஐந்து நாள். இரண்டாம் நாள் மத்தியானம் மாலா தூங்கிக்கொண்டிருந்தபோது, கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த காளியம்மாவிடம் சொன்னேன். “என் பீப்பாயில புழு இருந்துச்சி, காளியம்மா. எனக்கு வல கிழிஞ்சது தெரியும்.”

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. “இப்ப சொல்லாத,” என்றாள். “எம்மவ எந்திரிக்கட்டும். அப்பறமா ஒன்ன ஏசுறேன்.”

மாலா புதன்கிழமை வீட்டுக்கு வந்தாள். வியாழக்கிழமை காளியம்மா வந்து, சொன்னபடியே அரை மணி நேரம் ஏசினாள். லயத்து ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். லயத்துப் பின் சாக்கடையிலும் பழைய டயரிலும் புழு இருந்ததாம், எந்தக் கொசு கடித்தது என்று யாருக்கும் தெரியாதாம். அதையும் அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, அதற்கும் சேர்த்து ஏசினாள். போகும்போது கேட்டாள், “வெண்டிக்கா இருக்கா? மாலா கேக்குது.”

வார்டில் அவளிடம் பேச முடிந்த எனக்கு உங்களிடம் இரண்டரை வருடம் பேச முடியவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

எனக்கும் தெரியும். விஷாவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் முகநூலில் இருபத்தொரு நாள் சவால் ஒன்றில் சேர்ந்திருந்தேன், தினமும் மனதுக்குப் பிடித்த ஒன்றைப் படமெடுத்துப் போடவேண்டும். வாசலில் அல்லி வைத்திருந்த மண்தொட்டி ஞாபகம் இருக்கிறதா? அதில் முதல் பூ விட்டது. படமெடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது பூவுக்குப் பக்கத்தில் தண்ணீரில் புழு நெளிவது தெரிந்தது. நாளைக்குத் தண்ணீர் மாற்றலாம் என்று நினைத்தேன். படத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். முந்நூறு பேர் விருப்பம் போட்டார்கள். தண்ணீரை நான் மாற்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அந்தத் தொட்டியை உடைத்துக் குப்பையில் போட்டேன். கை தவறி உடைந்தது என்று உங்களிடம் சொன்னேன்.

அதற்குப்பின் ஒவ்வொரு காலையும் உங்களுக்குத் தெரியாமல் எல்லாத் தட்டுகளையும் பார்ப்பேன். எப்போதும் காய்ந்தே இருக்கும். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள் சிமெண்ட் போட்ட அன்று எனக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்தேன். நான் சந்தோஷத்தைத் தேடி இங்கே வரவில்லை. நீங்கள் கேட்டுவிடப் போகிறீர்களே என்று ஓடிவந்தேன்.

விஜயராணி


செரண்டா,
18 மே 2025

ராணி,

உன் கடிதத்தை மேசையிலேயே வைத்திருந்தேன். வேண்டுமென்று வைத்தேனா, மறந்து வைத்தேனா தெரியவில்லை. விஷா வெள்ளிக்கிழமை வந்தாள். நான் வேலை முடிந்து வரும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் பெட்டியிலிருந்து எடுத்த உன் மற்ற இரண்டு கடிதங்கள்.

“படிச்சிட்டேன்பா. ஏசாதீங்க. சிமெண்டுக்கும் எனக்கும் என்னன்னு அம்மா கேட்டிருக்காங்க. நீங்க என்ன பதில் எழுதுனீங்க?”

சொன்னேன். தட்டு கவிழ்த்ததை எல்லாம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“ஸ்கூல்ல எங்க கிளாஸ்லயே மூணு பேருக்கு டிங்கி வந்துச்சி. யாராச்சும் என்னக் கேட்டீங்களா? நான் எட்டாவது நாளே வீட்டுக்கு வந்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் இன்னும் அந்த வார்டுலயே நிக்கிறீங்க.”

மூன்று பேர் என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

ஆனாலும் அதை வைத்து நாம் தப்பித்துக்கொள்ள முடியும் என்று தோன்றவில்லை. புழு இருந்தது. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். ஒருவரிடம் ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி அழுதிருப்போம், சண்டை போட்டிருப்போம். அதை விட்டுவிட்டு ஒரே தட்டை நீ காலையிலும் நான் சாயங்காலமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த அல்லிப் படத்துக்கு நானும் விருப்பம் போட்டேன், ராணி. உன் கடிதம் வந்த அன்று தேடி எடுத்துப் பார்த்தேன். முந்நூறு பேரில் நானும் ஒருவன். புழு என் கண்ணில் படவில்லை. பூ அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.

ஷிப்ட் இந்த மாதம் மறுபடியும் மாறிவிட்டது. மூன்று மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். வந்ததும் கை எதையோ தேடுகிறது. கவிழ்க்க ஒன்றும் இல்லை. குளியலறை வாளியைக் கவிழ்க்கிறேன். பிறகு மறுபடியும் போய்ப் பார்க்கிறேன். தூக்கம் சரியாக இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

மாலா எப்படி இருக்கிறாள்?

சுகுமாரன்


கோலசிலாங்கூர்,
24 மே 2025

விஷா அப்பாவுக்கு,

மாலா எழுந்து நடக்கிறாள். முடி கொட்டுகிறது என்று கவலைப்படுகிறாள். வரும் சனிக்கிழமை இரத்தப் பரிசோதனை இருக்கிறது, காளியம்மாவுக்கு அன்று வேலை நாள், அதனால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

விஷா வகுப்பில் மூன்று பேர் என்பது எனக்குத் தெரியாது. அதைப் படித்ததும் சட்டென்று மனம் லேசானது. உடனே, லேசானதற்காக வெட்கமாக இருந்தது. அவள் நேற்று என்னையும் கூப்பிட்டு ஏசினாள். கைப்பேசி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நூறு நாள் இலக்கு ஐம்பத்தொன்பதாம் நாளிலேயே போய்விட்டது. உங்களைக் கூப்பிடத்தான் எனக்குக் கை வரவில்லை. பேசினால் நான் சமாளித்துவிடுவேன், உங்களுக்கே தெரியும். எழுதும்போதுதான் உண்மை வருகிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஓடிவந்தேன் என்று சொன்னேன், அது பொய்யில்லை. ஆனால் எனக்கு இங்கே பிடித்திருக்கிறது என்பதும் பொய்யில்லை. காலை ஏழு மணிக்கு வாய்க்கால் கரையில் சைக்கிளில் போகும்போது நாற்று நட்ட வயல் இரண்டு பக்கமும் தண்ணீரோடு கிடக்கும். கொக்குகள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எந்த இலக்கும் நினைவுக்கு வருவதில்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் படபடப்பு, எதையாவது கொத்த வேண்டும், எதையாவது எழுத வேண்டும். அது போகவில்லை. போய்விட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள்.

விடுமுறை முடியும்வரை இருக்க நினைக்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. செப்டம்பரில் என்ன என்று எனக்குத் தெரியாது. அதை நான் மட்டும் தனியாக முடிவு செய்யவும் விரும்பவில்லை, நீங்கள் சிமெண்டை முடிவு செய்தது போல.

அடுத்த வாரக் கடைசியில் மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை சேர்ந்து வருகிறது. மோட்டார் சைக்கிளில் வந்தால் ஒன்றரை மணி நேரம். வந்து இந்த இடத்தை ஒரு தடவை பாருங்கள்.

விஜயராணி


சனிக்கிழமை, 31 மே
பகல் இரண்டு மணி

ராணி,

ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். நீ மாலாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய் என்று வேலிப் பக்கம் மருந்துப் பம்போடு நின்ற அம்மா சொன்னார். என்னை மேலும் கீழும் பார்த்து, “ஓ, நீங்கதானா அது?” என்றார். ஆமாம் என்றேன். “ராணிய ஏசுறதுன்னா நான் ஏற்கெனவே ஏசிட்டேன். நீங்க வேற ஏச வேணாம்,” என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

உன் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். மறைக்காமல் எழுதிவிடுகிறேன், முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்றுதான் பார்த்தேன். எங்கேயும் இல்லை. அப்புறம் உன் கத்தரிச் செடியைப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது.

அதற்கப்புறம் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே வந்து ஐந்து நிமிடம் தரையில் சாய்ந்தேன். எழுந்து பார்த்தால் மணி ஒன்றரை. வாய் திறந்து தூங்கியிருக்கிறேன், காது வரைக்கும் எச்சில். மூன்று மணி நேரம் என்னை எழுப்ப ஒரு நினைப்பும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமைவரை விடுமுறை எடுத்திருக்கிறேன். செப்டம்பரைப் பற்றிப் பேசலாம். பேசாமலும் இருக்கலாம். நீ சமாளித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

தஞ்சோங் காராங்கில் நல்ல மீன் கிடைக்கும் என்று அந்த அம்மா சொன்னார், வாங்கப் போகிறேன். சோறு வைத்துவிட்டேன். பசித்தாலும் சாப்பிட்டுவிடாதே. நான்கு மணிக்குள் வந்துவிடுவேன்.

சுகுமாரன்